உதயகலாவின் கைச்சோறு

கேதீஸ்வரனுக்கு நாக்குச் செத்துப்போய் மூன்றாவது வருசம் நடந்துகொண்டிருந்தது. கொரோனாக் காய்ச்சலோடு போன ருசியும் மணமும் திரும்பி வரவேயில்லை. அச்சுவேலி, யாழ்ப்பாணம் என்று அவர் போய்க் காட்டாத வைத்தியர் இல்லை. எல்லாரும் வரும், பொறுத்திருங்கள் என்றுதான் சொன்னார்கள். ஒரே மகளை வவுனியாவில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவரும் மனைவி உதயகலாவும் மட்டும்தான். அவள் எதைச் சமைத்து வைத்தாலும், சாக்கில் வெங்காயம் அடைகிறவர்போல ஒரே வேகத்தில் அள்ளி உள்ளே தள்ளிவிட்டு எழும்பிவிடுவார்.

ருசி தெரியாத மனிதன் குறைவாகத்தான் சாப்பிடுவான் என்று உதயகலா நினைத்திருந்தாள். நடந்தது நேர்மாறு. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவரைப் போல அவர் தின்றுகொண்டேயிருந்தார். கடை மிக்சர், சோடா, சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணி. வெங்காயத் தோட்டத்தில் ஒருக்கால் குனிந்து நிமிர்ந்தால் மூச்சு வாங்கியது. சீனி வருத்தம் பிடித்துவிட்டது, பிறசரும் ஏறிக்கிடக்கிறது என்று வைத்தியர் சொன்னதோடு அவள் கடைச் சாமானை நிற்பாட்டினாள். குரக்கன் மாவும் சாமையும் வாங்கிப் போட்டாள். அவர் அதையும் அதே வேகத்தில் அள்ளிப் போட்டார்.

கேதீஸ்வரனின் தம்பி டினேஸ் பக்கத்து வளவில் இருந்தான். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் லொறியில் வெங்காயம் கொண்டு போய் வருகிறவன். மாசி மாதத்தில் ஒருநாள் ஒரு சின்னச் சாக்குப் பையோடு வந்து முற்றத்தில் இருந்தான்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. மாத்தளையிலை எங்கடை வெங்காயம் எடுக்கிற ஆள் தந்தவர். அவரின்ரை வளவிலை விளைஞ்ச கொக்கோ. வறுக்கேல்லை, வெய்யிலிலை காயவைச்ச பச்சைக் கொட்டை. நெஞ்சுக்கும் நல்லதாம், பிறசருக்கும் நல்லதாம். காலமையிலை நாலைஞ்சைச் சப்பட்டாம்."

"எனக்கு எதைச் சப்பினாலும் ஒண்டுதானடா."

"சும்மா ஒருக்காச் சப்பிப் பாருங்கோவன்."

உதயகலாதான் ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் உரித்தாள். மேல்தோல் காய்ந்த வெங்காயச் சருகுபோல உதிர்ந்தது. உள்ளே பருப்பு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அவர் அதை வாங்கி வாயில் போட்டு, தோட்டத்துக்குப் போக எழும்பினார். எழும்பியவர் அப்படியே நின்றார். தாடை மெதுவாக அசைந்தது.

"கைக்குது," என்றார்.

"என்ன?"

"கைக்குதப்பா. நல்லாக் கைக்குது."

இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. கைப்பு அடங்கிய பிறகு ஒரு புளிப்பு வருகிறது என்றார். அதற்குப் பின்னால் பழத்தின் மணம் வருகிறது என்றார். டினேஸ் சிரித்துக்கொண்டு இருந்தான். உதயகலா குசினிக்குள் போய், சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலைச் சாப்பாடு ஒரு கொண்டாட்டமாய்ப் போயிற்று. உதயகலா கொக்கோப் பருப்பை உரலில் இடித்து, எள்ளும் தேங்காய்ப்பூவும் கிள்ளுப் பனங்கட்டியும் சேர்த்து உருண்டை பிடித்தாள். குரக்கன் கஞ்சி இறக்கும்போது ஒரு கரண்டித் தூளைப் போட்டுக் கலக்கினாள். மத்தியானத்துக்கு மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, முசுட்டை இலை வறை, தேசிக்காய் விட்ட வல்லாரைச் சம்பல். பின்னேரத்தில் அவித்த பயறு, இல்லாவிட்டால் பனங்கிழங்கு. கேதீஸ்வரன் ஒவ்வொரு வாயையும் மென்று, நிறுத்தி, சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். அவளுக்கும் அதே சாப்பாடுதான். சித்திரைக்குள் அவர் மண்வெட்டி பிடிக்கும்போது மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. இரத்தத்தில் சீனியும் இறங்கியது. இந்த வயதில் தன் புருசன் தன் சமையலை இப்படி அனுபவித்துச் சாப்பிடுவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அடுப்படியில் நிற்கும்போது தன்னையறியாமல் பாடினாள்.

ஆனால் வந்த நாக்கு, போன நாக்காக இருக்கவில்லை.

முதலில் அது பகிடியாகத்தான் இருந்தது. பாலைக் குடித்துவிட்டு, "மாடு இண்டைக்கு மேயேல்லை, கட்டின இடத்திலை நிண்டிருக்கு," என்பார். பால்காரனைக் கேட்டால் ஓம் என்பான். சந்தையில் வாங்கின முருங்கையிலையைத் தின்றுவிட்டு, கடற்கரைப் பக்கத்து மரம் என்றார். ஒருநாள் டினேசின் மனைவி கஜந்தினி செத்தல் மிளகாய்ச் சம்பல் இடித்துக் கொடுத்தாள். அவர் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, அழுதழுதோ இடிச்சனீ?"

கஜந்தினி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. காலையில் டினேசோடு சண்டை பிடித்ததை அவள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவர அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மற்றப் பக்க வேலிக்கு அப்பால் யோசப்பின் இருந்தாள். புருசன் இல்லாதவள், உதயகலாவைவிடப் பத்து வயது மூத்தவள், கல்லுப்போல உடம்பு. கோயில் பெருநாளுக்கு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினால் ஒரு சட்டி வேலிக்கு மேலால் வரும். அந்த வைகாசியிலும் வந்தது. நண்டும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, புளி தூக்கலாய், ஆவி பறக்கப் பறக்க வந்தது. உதயகலா பிலாவிலையைக் கோலி அவருக்கு வார்த்துக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். விழுங்கவில்லை. எழும்பிப்போய் வாழையடியில் துப்பினார். சட்டியில் இருந்ததையும் அங்கேயே ஊற்றிவிட்டுக் கிணற்றடியில் வாய் கொப்பளித்தார்.

"என்ன செய்யிறியள்? அந்த மனுசி பாத்துதெண்டா என்ன நினைக்கும்?"

"உதிலை ஒரு மண் வாசம்."

"ஒடியல் எண்டா மண் வாசம் இருக்கும்தானே."

"அந்த மண் இல்லை," என்றார். கொப்பளித்து முடிந்தும் வாளியைக் கீழே வைக்காமல் நின்றார்.

அடுத்த கிழமை யோசப்பின் பூசைக்குப் போய் வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தவள் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வாகனம் வருவதற்குள் முடிந்துவிட்டது. சேமக்காலைக்கு ஊரெல்லாம் போனது. பெட்டி இறக்குவதற்கு வெட்டிய கிடங்கின் கரையில் செம்மண் ஈரமாய்க் குவிந்து கிடந்தது. கேதீஸ்வரன் கிட்டப் போனவர், சால்வையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு திரும்பி விறுவிறென்று வெளியே நடந்தார். அவருக்கு மனது தாங்கவில்லை என்று சனம் சொன்னது. உதயகலாவுக்கு வாழையடியில் ஊற்றின கூழ் நினைவு வந்தது. அவள் அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள்.

ஆனி முழுக்கச் சோளகக் காற்று அடித்தது. பனையோலைகள் பகல் முழுக்கச் சளசளத்தன. வாசலில் பெருக்கினால் திரும்பிப் பார்ப்பதற்குள் புழுதி பழையபடி படிந்தது. ஆனி முடிகிற நேரத்தில்தான் உதயகலா கவனித்தாள். கேதீஸ்வரன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்தார். முதலில் பாதி. பிறகு வயிறு பாரமாய்க் கிடக்கிறது என்றார். பிறகு பச்சையாய்ச் சாப்பிடுவதுதான் உடம்புக்கு நல்லதாம் என்றார். காலையில் தானே கொக்கோக் கொட்டையை உரித்துச் சப்பினார். தானே பயற்றை நனைத்து முளைக்கட்டினார். தேங்காயைத் தானே உடைத்துத் துருவினார். வாழைப்பழத்தைக்கூட அவள் உரித்துக் கொடுத்தால் வாங்கி வைத்துவிட்டு, குலையிலிருந்து வேறொன்றைப் பிய்த்தார்.

ஆடிப்பிறப்பன்று அவள் கூழ் காய்ச்சினாள். அரிசிமாவும் பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் போட்ட இனிப்புக் கூழ். கொழுக்கட்டையும் அவித்தாள். எல்லாவற்றையும் படைத்து, அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் கரண்டியை எடுத்து உதடுவரை கொண்டு போனார். கரண்டியை வைத்துவிட்டு, "பேந்து குடிக்கிறன், ஆறட்டும்," என்று எழும்பித் தோட்டத்துக்குப் போனார். பின்னேரம் வரை அந்தக் கூழ் அங்கேயே இருந்தது. மேலே ஆடை படிந்து, ஆடை சுருங்கி, வெடித்தது.

மற்றநாள் சோறு வடித்ததும் அவள் ஒரு பிடி எடுத்து மதிலில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள். இரண்டு காகம் வந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு தின்றது. ஒரு பருக்கை மிச்சமில்லை. அவள் தானும் ஒரு பிடி எடுத்துத் தின்றாள். சோறு சோறாகத்தான் இருந்தது.

அன்று பத்து மணிபோல் வேலிப் பொட்டால் புகுந்து கஜந்தினியிடம் போனாள்.

"கஜந்தி, இண்டைக்குச் சோறு கறி நீ சமைச்சுத் தா. நான் கொண்டுபோய் என்ரை சட்டியிலை மாத்துறன்."

"ஏனக்கா, சுகமில்லையோ?"

"தா எண்டாத் தாவன், பிள்ளை."

கஜந்தினி அவள் முகத்தைப் பார்த்தாள். சாமைச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் சமைத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் கேதீஸ்வரன் வந்து, "எனக்குத் தேங்காய் காணும்," என்றார். உதயகலா ஒரு வாயாவது சாப்பிடச் சொல்லித் தட்டை முன்னால் வைத்தாள். அவர் பெருமூச்சு விட்டு ஒரு கவளம் எடுத்தார். மென்றார். அவருடைய தோள் இரண்டும் இறங்கின. பிறகு இரண்டாவது கவளத்தைப் பெரிதாய் எடுத்தார். பசித்த பிள்ளைபோலச் சாப்பிட்டார். குழம்பு கேட்டார். வறை கேட்டார். பக்கத்தில் அகப்பையோடு நின்ற உதயகலாவுக்கு உள்ளங்கால் குளிர்ந்துகொண்டு வந்தது.

அடுத்த நாள் வெய்யில் ஏறிய பிறகு அவள் தோட்டத்துக்குப் போனாள். தண்ணீர் இறைக்கிற மிசின் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலால் தண்ணீர் வந்துகொண்டிருக்க, கேதீஸ்வரன் மண்வெட்டியால் ஒவ்வொரு பாத்தியாய் வாய் வெட்டித் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் வரம்பில் நின்றாள்.

"நேற்று நீங்கள் சாப்பிட்டது நான் சமைச்சதில்லை."

அவர் நிமிரவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சோ சாப்பிட்டனீங்கள்?"

"ஓம்."

"அப்ப என்ரை கையிலை என்ன கிடக்கு எண்டு சொல்லுங்கோ."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். தண்ணீர் பாத்தி நிரம்பி வரம்பை மேவியது.

"வீட்டை போ, உதயா. வெய்யில்."

"யோசப்பின் அக்காவின்ரை கூழிலை கிடந்ததோ?"

வரம்பு ஓரிடத்தில் கரைந்து உடைந்தது. தண்ணீர் காய்ந்த நிலத்துக்குப் பாய்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார், மண் எடுத்துப் போடவில்லை.

"அவவின்ரையிலை மட்டுமில்லை," என்றார் கடைசியில். "சந்தியிலை தேத்தண்ணிக் கடை வைச்சிருந்த பரமலிங்கண்ணையின்ரை தேத்தண்ணியிலையும் கிடந்தது. பங்குனியிலை. நான் கடைக்குப் போறதை விட்டிட்டன். பழுதாய்ப் போன பால் எண்டுதான் நினைச்சன். பேந்து ஆள் செத்துப்போச்சு எண்டு சொல்லிச்சினம்."

"எப்பிடி இருக்கும்?"

"வேண்டாமப்பா."

"எனக்குத் தெரியவேணும்."

"கைப்பில்லை. புளிப்புமில்லை. புதுசா வெட்டின கிடங்குக்குள்ளை குனிஞ்சு பாத்தால் முகத்திலை ஒரு குளிர் அடிக்கும் பார், அது. சுடச்சுடச் சோறு வாயிலை கிடக்கும். ஆனா நாக்குக் குளிரும்."

"என்ரையிலை எப்ப துவங்கினது?"

"ஆனிக் கடைசியிலை. கொஞ்சமாத்தான். என்ரை வாயிலைதான் ஏதோ பிழை எண்டு இருந்தன்."

"இப்ப?"

அவர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"இப்பக் கூடிப்போச்சு."

மிசின் ஓடிக்கொண்டிருந்தது. உதயகலா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். மஞ்சள் ஏறிய நகங்கள், உரலில் இடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"யோசப்பின் அக்காவுக்கும் சொல்லேல்லைத்தானே. வருத்தமில்லாத ஆளிட்டைப் போய் என்னெண்டு சொல்லுறது?"

"அவ அயல். நான் உங்கடை பெண்சாதி."

"அதாலைதான் எனக்கு வாய் வரேல்லை," என்றார். "சாப்பிட்டிருக்கலாம். சாப்பிட்டிருந்தா நீ ஒண்டும் யோசிச்சிருக்க மாட்டாய். என்னாலை விழுங்கேலாமல் போச்சு."

அவள் இறங்கிப்போய்க் கையால் மண் அள்ளி, உடைந்த வரம்பை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

உதயகலா முதலில் போய்க் காட்டிய வைத்தியர் அவளுடைய இரத்தம் சோதித்தார். சீனி இல்லை, பிறசர் இல்லை, இரத்தச் சோகை இல்லை. "நல்ல சாப்பாடு சாப்பிடுறீங்கள்போல. இந்த வயதிலை இப்பிடி ஆரும் வாறேல்லை," என்று சிரித்தார். குரக்கன், இலைவகை, பயறு, கொக்கோ என்று அவள் சொன்னதைக் கேட்டு, அப்படியே தொடரச் சொன்னார். அந்த நல்ல வார்த்தையைக் கேட்டு அவளுக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லாருடைய கையையும் பார்த்துக்கொண்டு வந்தாள். கடலைப் பொட்டலம் பிரிக்கிற கை, பிள்ளைக்குப் பணிஸ் பிய்த்துக் கொடுக்கிற கை.

வீட்டில் அவள் சமைப்பதை விட்டாள். கஜந்தினி சமைத்துத் தந்தாள். கேதீஸ்வரன் கவலையில் அதையும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்படி சாம்பல் அள்ளப்படாமல் கிடந்தது. ஒருவரை ஒருவர் தொடுவதற்குக்கூட இருவருக்கும் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் அவளே, "இன்னொரு இடத்திலை காட்டுவம்," என்றாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் வைத்தியரிடம் போனார்கள். அவர் வயிற்றை ஸ்கான் பண்ணிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தவர் கருவியை ஒரே இடத்தில் நெடுநேரம் வைத்திருந்தார்.

சூலகத்தில் ஒரு கட்டி இருந்தது. சின்னது. நோவு இல்லை, இரத்தப்போக்கு இல்லை. இவ்வளவு வெள்ளெனக் கண்டுபிடிப்பது அருமை என்று வைத்தியர் சொன்னார்.

"என்ன குணங்குறி இருந்து வந்தனீங்கள், அம்மா?"

"சாப்பாடு பிடிக்கேல்லை எண்டு."

"உங்களுக்கோ?"

"இல்லை. அவருக்கு."

வைத்தியர் பேனையை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார். கேதீஸ்வரன் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் பெரியாஸ்பத்திரியில் வைத்து வெட்டி எடுத்தார்கள். மகள் வந்து நின்றாள். கட்டி கெட்டதுதான், ஆனால் வெளியே பரவியதாகத் தெரியவில்லை, தொடர்ந்து வந்து காட்டவேண்டும் என்றார்கள். வாழ்க்கையில் அடுப்படிப் பக்கம் போகாத கேதீஸ்வரன் கஜந்தினியைக் கேட்டுக் கேட்டுக் கஞ்சி காய்ச்சினார். சிவத்தப் பச்சையரிசி, தவசி முருங்கை இலை, உள்ளி, கடைசியில் கொஞ்சம் கொக்கோத் தூள். போத்தலில் ஊற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று, அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். கஞ்சி கட்டிகட்டியாய் இருக்கும், இலை கடிபடும். அவள் ஒரு சொட்டும் விடாமல் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மகளும் கஜந்தினியும் அவளைக் கொஞ்ச நாள் அடுப்படிக்கு விடவில்லை. மகள் வவுனியாவுக்குத் திரும்பிப் போன அன்று, இனி நான் சமைக்கிறேன் என்று உதயகலா எழும்பினாள். அரிசியை மூன்று நாலு தரம் களைந்தாள். சோறு, பருப்பு, முருங்கையிலை வறை. வேறொன்றும் வைக்கவில்லை. தட்டை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேதீஸ்வரன் கவளம் எடுத்தார். மென்றார். விழுங்கினார். அடுத்த கவளம் எடுத்தார்.

"என்ன மாதிரி?" என்று கேட்டாள்.

"எனக்கு இப்ப ருசி தெரியிறேல்லையப்பா," என்றார்.

"என்ன?"

"திரும்பவும் போயிட்டுது. நீ ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை. கொக்கோவைச் சப்பினாலும் மரத்துண்டு மாதிரிக் கிடக்கு."

"ஏன் சொல்லேல்லை?"

"இதையும் சொல்லி உன்னைப் பயப்பிடுத்தவோ?" என்று சொல்லி, தட்டில் இருந்ததெல்லாம் சாப்பிட்டு, கை கழுவப் போனார்.

பின்னேரம் மழை விட்டிருந்த நேரத்தில் உதயகலா இதைக் கஜந்தினிக்குச் சொன்னாள். கஜந்தினி வேலிக்கு அந்தப் பக்கத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவள், கொடியைப் பிடித்தபடி யோசித்தாள்.

"மெய்யாத்தான் போயிட்டுதோ அக்கா? இல்லாட்டி உங்களுக்காண்டிச் சொல்லுறாரோ?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை."

"கண்டுபிடிக்கிறது லேசு. நாளைக்குப் பருப்புக்கை உப்பை அள்ளிப் போடுங்கோ. மனுசன் ஒளிக்கேலாது. முகம் காட்டிக் குடுத்திடும்."

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து விடாத மழை. ஓட்டுத் தாழ்வாரத்தால் தண்ணீர் கம்பிகம்பியாய் ஊற்றியது. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. உதயகலா உப்புச் சிரட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். சட்டிக்கு மேலே பிடித்தாள். ஆவி கையில் பட்டுப் பட்டு உப்பு ஈரமாகி விரல்களில் ஒட்டத் தொடங்கியது. கூடத்தில் கேதீஸ்வரன் வந்து இருக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர்ச் செம்பை அவர் தானே எடுத்து வைத்துக்கொள்கிறார். போட்டால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நாளைக்கும் சமைக்கவேண்டும், மறுநாளும் சமைக்கவேண்டும்.

அவள் உப்பைத் திரும்பச் சிரட்டைக்குள் உதறினாள். விரல் நுனியால், எப்போதும் போடுகிற அளவைக் கிள்ளிப் போட்டாள்.

தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது, அவருடைய முன்கை மயிரெல்லாம் குத்திட்டு எழும்பியது கண்ணில் பட்டுவிட்டது. திறந்த கதவால் மழைக் கூதல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள். அதிலும் மயிர் எழும்பித்தான் நின்றது.

"கதவைச் சாத்தவோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம், கிடக்கட்டும்," என்றார் கேதீஸ்வரன். "பருப்பு இன்னும் கொஞ்சம் விடு."

அவள் விட்டாள். பிறகு தனக்கும் ஒரு தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு, அவருக்கு எதிரே நிலத்தில் இருந்து சாப்பிடத் தொடங்கினாள்.